விடைகளின் வட்டம்: உயர்நிலை இரசாயன, உயிர் இரசாயனப் பாடநெறிகள் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

1

விமர்சனம் என்றதும் கவிதை, நாவல், நாடகம் ஆகியவற்றை மதிப்பிடும் முயற்சியையே நாம் பெரும்பாலும் மனங்கொள்கிறோம். விஞ்ஞானப் பாடநெறிகள் விமர்சனத்துக்கு அப்பாற்பட்டவை என்ற எண்ணம் எம்மிடையே வேரூன்றியுள்ளது. வெப்பவியக்கவியலின் இரண்டாம் விதி எவருடைய இரசனைக்கும் கட்டுப்பட்டதன்று. எனவே அதனைக் கற்பிக்கும் பாடநெறியும் கருத்துநிலைகளுக்குக் கட்டுப்பட்டதன்று என முடிவு செய்துவிடுகிறோம். இம்முடிபு பொருந்தாது. விதி இயற்கைக்கு உரியது. பாடநெறியோ சமூகத்துக்கு உரியது. எதனை முதலிற் கூறுவது, எதனைக் கூறாது விடுவது, எதனைப் பரீட்சையிற் கேட்பது, எம்மொழியில் இவற்றை நிகழ்த்துவது என்பனவெல்லாம் மனிதர் எடுக்கும் தீர்மானங்கள். தீர்மானங்கள் உள்ள இடத்திலே விமர்சனத்துக்கும் இடமுண்டு.

இக்கட்டுரையில் எமது பல்கலைக்கழக விஞ்ஞான பீடங்களில் மூன்றாம், நான்காம் வருடங்களிலே கற்பிக்கப்படும் இரசாயன, உயிர் இரசாயனப் பாடநெறிகளை நோக்க முற்படுகிறோம். உயர்நிலைப் பாடநெறிகளைத் தெரிந்தமைக்குக் காரணமுண்டு. முதலிரு வருடங்களில் மாணவர் அடிப்படைகளைப் பெற்றுக்கொள்கின்றனர்; அங்கே ஓரளவு மனனமும் நம்பிக்கையும் தவிர்க்கமுடியாதவை. ஆயின் உயர்நிலை வருடங்களோ அறிவைப் பெறுவோர் அறிவை ஆக்குவோராக மாறவேண்டிய காலம். அம்மாற்றம் நிகழ்கின்றதா என்பதே இங்கு எமது வினா. அது போதியளவு நிகழவில்லை என்பதும், பாடநெறியின் அமைப்பே அதற்குப் பெருமளவிற் காரணம் என்பதும் எமது வாதமாகும். அறிவு எவ்வாறு உண்டாயிற்று என்பதை நீக்கிவிட்டு உண்டான அறிவை மட்டும் வழங்கும் கல்வி, விடைகளை அறிந்த பட்டதாரிகளை உருவாக்கும்; வினாக்களை எழுப்ப வல்லவர்களை உருவாக்காது.

2

உயர்நிலைப் பாடநெறிகளின் உருவத்தைத் தீர்மானித்தவை ஒரு சில பெருநூல்களே. சேதன இரசாயனத்திலே 1959இல் வெளிவந்த மொறிசன், போயிட் ஆகியோரின் நூல் ஒரு தலைமுறையினரின் சிந்தனையை நெறிப்படுத்தியது. உயிர் இரசாயனத்தில் 1970இல் வெளிவந்த லெனிஞ்சரின் நூலும், 1975இல் வெளிவந்த ஸ்றையரின் நூலும் அத்தகைய இடத்தைப் பெற்றன. இவற்றின் சிறப்பைக் குறைத்து மதிப்பிடல் எமது நோக்கமன்று. கலத்தின் எண்ணிறந்த தாக்கங்களை ஆற்றற் பரிமாற்றம் என்ற ஒரே நூலிழையிற் கோத்துக் காட்டியமை லெனிஞ்சரின் சாதனை. மூலக்கூற்றின் அமைப்பே அதன் தொழிலை விளக்குகின்றது என்பதை வரைபடங்களால் மனத்திற் பதியவைத்தமை ஸ்றையரின் சாதனை. பரிசோதனைச் சான்றுகளும் இந்நூல்களில் ஆங்காங்கே எடுத்துரைக்கப்படுகின்றன.

ஆனால் நூல் வேறு, அது பாடநெறியாகச் சுருங்கும்போது அடையும் உருவம் வேறு. நூலிலே ஒரு பக்கம் சான்றும் ஒரு பக்கம் வரைபடமும் உள்ளன எனக் கொள்வோம். விரிவுரைக்கு ஒதுக்கப்பட்ட மணித்தியாலங்கள் குறைவு. சான்று விடுபட வரைபடம் எஞ்சுகின்றது. அவ்வரைபடம் முன்னர் கரும்பலகையில் எழுதப்பட்டது. இன்று படவில்லையாகத் திரையில் தோன்றுகின்றது. மாணவர் அதனைக் கொப்பியில் எழுதுகின்றனர். பரீட்சையில் அதுவே கேட்கப்படுகின்றது. அடுத்த ஆண்டு மாணவர் பழைய வினாத்தாள்களைக் கொண்டு எது கேட்கப்படும் என அறிந்து அதனை மட்டுமே படிக்கின்றனர். இவ்வாறு ஒவ்வொரு சுற்றிலும் சான்று தேய்ந்து விடை மட்டும் நிலைபெறுகின்றது. தனிப்பட்ட ஆசிரியரின் குறையாக மட்டும் இதனைக் கருதுதல் நியாயமன்று. பரீட்சையை மையமாகக் கொண்ட கல்வி முறையின் உள்ளியக்கம் இதுவாகும்.

3

இதனைத் தெளிவுபடுத்த, உயிர் இரசாயன மாணவர் எவரும் தப்பமுடியாத ஒரு பகுதியை எடுத்துக்கொள்வோம். சித்திரிக்கமில வட்டம், அல்லது கிரெப்சின் வட்டம், உயர்தர வகுப்பிலேயே அறிமுகமாகின்றது. பல்கலைக்கழகத்தில் மேலும் விரிவாகக் கற்பிக்கப்படுகின்றது. எத்தனை படிகள், எந்நொதியங்கள், எத்தனை ஏ.ரி.பி. மூலக்கூறுகள் என்பவற்றை மாணவர் பிழையின்றி எழுதுவர். அது ஏன் வட்டமாக இருத்தல் வேண்டும், நேர்கோடாக ஏன் இருத்தலாகாது எனக் கேட்டால் பலர் மௌனமாவர்.

இவ்வினாவுக்கு 1937ஆம் ஆண்டின் பரிசோதனைகளிலே விடையுண்டு. செபீல்ட் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் கிரெப்சும் அவருடைய மாணவர் வில்லியம் ஜோன்சனும் புறாவின் மார்புத் தசையை அரைத்து, அது ஒட்சிசனை உள்ளெடுக்கும் அளவைக் கணித்தனர். பறத்தலுக்கு ஓயாது உழைக்கும் அத்தசையின் சுவாசம் மிக விரைவானது. சிறிதளவு சித்திரிக்கமிலத்தைச் சேர்த்தபோது, அவ்வமிலம் முற்றாக எரிவதற்குத் தேவையானதிலும் மிகுதியான ஒட்சிசன் உள்ளெடுக்கப்பட்டது. அஃதாவது அவ்வமிலம் எரிபொருளாக மட்டுமன்றி ஊக்கியாகவும் தொழிற்பட்டது. ஊக்கியாயின் அது மீண்டும் உருவாதல் வேண்டும். மீண்டும் உருவாவதாயின் பாதை தொடங்கிய இடத்துக்கே திரும்புதல் வேண்டும். அடுத்த சான்று இன்னும் நுட்பமானது. சக்சினிக்கமிலத்துக்கும் பியூமாரிக்கமிலத்துக்கும் இடையிலான தாக்கத்தை மலோனிக்கமிலம் தடுக்கும். அத்தடை இருக்கும்போதே ஒட்சாலோவசற்றிக்கமிலத்தைச் சேர்த்தால் சக்சினிக்கமிலம் குவிந்தது. அடைக்கப்பட்ட வழியால் அது பின்னோக்கி வந்திருக்க முடியாது. மறுபுறமாகச் சுற்றியே வந்திருத்தல் வேண்டும். வட்டம் என்பது இவ்வாறு தருக்கத்தாற் பெறப்பட்ட முடிபு; கண்ணாற் கண்ட காட்சியன்று.

இம்முடிபும் ஒருவரது தனிச் சாதனையன்று. நான்கு காபன் கொண்ட அமிலங்கள் தசைச் சுவாசத்தை ஊக்குவதை சென்ற்-ஜியோர்ஜி முன்னரே காட்டியிருந்தார். சித்திரிக்கமிலம் சிதைவுறும் வழியை மாட்டியசும் குனூப்பும் 1937இலேயே வெளிப்படுத்தியிருந்தனர். கிரெப்சு தமது முடிபை 'நேச்சர்' சஞ்சிகைக்கு அனுப்பியபோது இடமின்மையைக் காட்டி அது திருப்பியனுப்பப்பட்டது. பின்னர் 'என்சைமொலோகியா' என்ற சஞ்சிகையில் வெளிவந்தது. வட்டத்துள் நுழையும் இரு காபன் கூறு எது என்பதும் அப்போது அறியப்படவில்லை. அது அசற்றைல் துணைநொதியம் ஏ என்பதை 1951இலேயே லீனன் நிறுவினார்.

இவ்வரலாற்றின் மிகப் பயன்தரும் பகுதி இனிமேலே வருவது. 1941இல் அடையாளமிடப்பட்ட காபனீரொட்சைட்டைக் கொண்டு செய்த பரிசோதனைகளில், கீற்றோகுளூற்றாரிக்கமிலத்தின் இரு காபொட்சிற் கூட்டங்களுள் ஒன்றில் மட்டுமே அடையாளம் காணப்பட்டது. சித்திரிக்கமிலம் சமச்சீர் மூலக்கூறு. அதன் இரு முனைகளும் ஒத்தவை. அது பாதையில் இடம்பெற்றிருப்பின் அடையாளம் இரு கூட்டங்களிலும் பரவியிருத்தல் வேண்டுமல்லவா? இத்தருக்கத்தின்படி சித்திரிக்கமிலம் பிரதான பாதையிலிருந்து விலக்கப்பட்டது. முக்காபொட்சிலிக்கமில வட்டம் என்ற பெயர் அவ்வையப்பாட்டுக் காலத்திலே வழக்குக்கு வந்ததாகும். 1948இல் ஒக்ஸ்ரன் ஒரு சிறு குறிப்பில் இம்முடிச்சை அவிழ்த்தார். நொதியத்தின் மேற்பரப்பு மூலக்கூற்றை மூன்று இடங்களிற் பற்றுமாயின், சமச்சீர் மூலக்கூற்றின் ஒத்த முனைகளையும் அது வேறுபடுத்தி அறியும் என்று அவர் காட்டினார். ஏழு ஆண்டுகளாக நிலவிய இடர்ப்பாடு பரிசோதனையின் பிழையாலன்று, சமச்சீர்மை பற்றிய ஓர் எடுகோளால் விளைந்தது.

இதனை நாம் விரித்துரைப்பதற்கு இரு காரணங்கள் உள. முதலாவது, சரியான தரவும் ஒழுங்கான தருக்கமும்கூடத் தவறான முடிபுக்கு இட்டுச்செல்லக் கூடும் என்பதை இதனிலும் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு அரிது. ஆராய்ச்சியை நோக்கிச் செல்லும் மாணவருக்கு ஏ.ரி.பி. எண்ணிக்கையைவிட இவ்வறிவே கூடிய பயனுடையது. இரண்டாவது, ஒக்ஸ்ரனின் விளக்கம் முப்பரிமாண இரசாயனத்துக்கு உரியது. அதே மாணவர் அதே வருடத்தில் சேதன இரசாயன வகுப்பில் முப்பரிமாண அமைப்பைக் கற்கின்றனர். உயிர் இரசாயன வகுப்பில் வட்டத்தைக் கற்கின்றனர். இரண்டையும் இணைக்கும் கதவு அங்கேயே உள்ளது. பாடநெறிகளோ அக்கதவைச் சுவராகக் கொண்டு அதன் இருபுறமும் நிற்கின்றன.

இதே போக்கை இழைமணியின் ஆற்றல் உற்பத்தி பற்றிய அத்தியாயத்திலும் காணலாம். மென்சவ்வின் இருபுறமும் புரோட்டோன் செறிவில் உண்டாகும் வேறுபாடே ஏ.ரி.பி. தொகுப்பை இயக்குகின்றது என்று பீற்றர் மிச்செல் 1961இற் கூறியபோது, பெரும்பாலான ஆய்வாளர் உயர் ஆற்றல் கொண்ட ஓர் இரசாயன இடைப்பொருளைத் தேடிக்கொண்டிருந்தனர். அப்பொருள் அகப்படவேயில்லை. கருத்துப்போர் நெடுங்காலம் நீடித்தது. 1978இல் மிச்செலுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று அவர் கருத்து ஒரு வரைபடமாகவும் நான்கு வரிகளாகவும் கற்பிக்கப்படுகின்றது. அதனை எதிர்த்தோர் அறிவிலிகளல்லர். தம் காலத்திலே சிறந்து விளங்கிய ஆய்வாளர்களே. அவர்கள் ஏன் ஏற்க மறுத்தனர், எச்சான்று அவர்களை மாற்றியது என்பவற்றை அறியாத மாணவருக்கு விஞ்ஞானம் ஒரு வேதமாகவே தோன்றும். வேதத்தை ஓதலாம், அதனோடு வாதிடுதல் கடினம்.

4

பாடநெறிகளின் இரண்டாவது குறைபாடு துண்டாடலாகும். சேதனம், அசேதனம், பௌதிகம், பகுப்பாய்வு, உயிர் இரசாயனம் என்ற பிரிவுகள் கற்பித்தல் வசதிக்காக ஏற்பட்டவை. நாளடைவிலே அவை இயற்கையின் பிரிவுகள் போலக் கொள்ளப்படுகின்றன. யூரியா என்ற ஒரே பொருளை எடுத்து இதனைச் சோதிக்கலாம்.

சேதன இரசாயன மாணவர் 1828இல் வோலர் அமோனியஞ் சயனேற்றிலிருந்து யூரியாவைப் பெற்ற செய்தியை முதல் விரிவுரையிலே கேட்கின்றனர். உயிர் இரசாயன மாணவர் 1932இல் கிரெப்சும் ஹென்சலைற்றும் ஈரற் சீவல்களைக் கொண்டு கண்டறிந்த யூரியா வட்டத்தைப் படிக்கின்றனர். நொதியவியலிலே, 1926இல் சம்னர் வாளவரை இனத்து விதையிலிருந்து யூரியேசைப் பளிங்காக்கினார் என்பதும், நொதியம் ஒரு புரதமே என அதனால் அவர் வாதிட்டார் என்பதும் கூறப்படும். அதே நொதியத்தில் நிக்கல் இருப்பதாக 1975இல் அறியப்பட்டமை அசேதன இரசாயனத்தில் ஒரு வரியாக இடம்பெறும். பௌதிக இரசாயனத்தில் ஏபரின் அமோனியாத் தொகுப்பு சமநிலைத் தத்துவத்துக்கு எடுத்துக்காட்டாகும். பகுப்பாய்வு இரசாயனத்தில் நைத்திரேற்றைத் துணியும் முறை செய்முறைப் பயிற்சியாகும்.

இவையனைத்தும் ஒரே கதையின் பகுதிகள். அக்கதையின் ஒரு முடிவு யாழ்ப்பாணத்துத் தோட்டங்களில் உள்ளது. ஏபரின் முறை 1913இல் ஒப்பாவில் தொழிற்சாலை உற்பத்தியாயிற்று. அது உலகுக்கு உரத்தையும் அளித்தது. முதலாம் உலகப் போரில் ஜேர்மனிக்கு வெடிமருந்தையும் அளித்தது. அமோனியாவிலிருந்து பெறப்படும் யூரியா வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் இடப்படுகின்றது. மண்ணிலுள்ள யூரியேசு அதனை அமோனியாவாக மாற்ற, பற்றீரியாக்கள் அமோனியாவை நைத்திரேற்றாக ஒட்சியேற்றுகின்றன. நைத்திரேற்று அயனை மண் பற்றிவைப்பதில்லை. குடாநாட்டின் சுண்ணக்கல்லினூடே அது நிலத்தடி நீரை அடைந்து கிணற்றுக்கு வருகின்றது. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. குடாநாட்டின் பல கிணறுகள் அதனைத் தாண்டியுள்ளமை ஆய்வுகளால் அறியப்பட்டதே. நைத்திரேற்றிலிருந்து உண்டாகும் நைத்திரைற்று குருதிநிறப்புரதத்தின் இரும்பை ஒட்சியேற்றி, ஒட்சிசனைக் காவும் ஆற்றலைக் கெடுக்கின்றது. இதனால் மிகுதியும் பாதிக்கப்படுவோர் கைக்குழந்தைகள்.

ஆறு பாடநெறிகளில் ஆறு துண்டுகளாக இதனைக் கற்ற மாணவருக்கு, அவை யாவும் தம் வீட்டுக் கிணற்றிலே சந்திக்கின்றன என்பதை எப்பாடநெறியும் கூறுவதில்லை. மின்னிரசாயனம் கற்பிக்கப்படும் முறையும் இத்தகையதே. நேர்ண்ஸ்ற் சமன்பாடு நிறுவப்படும். ஆனையிறவு உப்பிலிருந்து மின்பகுப்பால் எரிசோடாவும் குளோரீனும் உற்பத்திசெய்து போர்க்காலத்திலே செயலிழந்த பரந்தன் தொழிற்சாலை பேசப்படுவதில்லை. அறிவு எங்கோ உண்டாகி இங்கு இறக்குமதியாகும் பண்டம் என்ற மனப்பாங்கு இவ்வாறே வளர்கின்றது.

விஞ்ஞானத்தின் சமூகப் பின்னணியைப் பேசுதல் பாடத்துக்குப் புறம்பானது எனச் சிலர் கூறுவர். ஏபரே 1915இல் ஈப்ரெயில் குளோரீன் வாயுவைப் போர்க்கருவியாகப் பயன்படுத்துவதை நெறிப்படுத்தியவர். யூரியா வட்டத்தைக் கண்டறிந்த மறு ஆண்டிலேயே, யூதர் என்ற காரணத்துக்காக நாசி ஆட்சி கிரெப்சைப் பிறைபேர்க் பல்கலைக்கழகத்திலிருந்து விலக்கியது. அவர் கேம்பிரிட்ஜில் அடைக்கலம் பெற்றார். அதே 1933இல் ஏபரும் ஜேர்மனியை விட்டு நீங்கினார். இச்செய்திகள் தாக்கப் பொறிமுறையை மாற்றுவதில்லை என்பது உண்மையே. ஆனால் இரசாயனவியலாளர் எவ்வகை உலகிலே, எவருக்காகத் தொழிற்படுகின்றனர் என்பதை அறியாத பட்டதாரி, தமது தொழிலை எவர் எதற்காகப் பயன்படுத்தினும் வினவமாட்டார். இனத்தின் பெயரால் நூல்களும் மனிதரும் எரிக்கப்பட்ட எமது நாட்டிலே இதனை நாம் வலியுறுத்தத் தேவையில்லை.

5

செய்முறை வகுப்பு இக்குறைகளைத் தீர்க்கும் இடமாக அமையலாம். நடைமுறையிலோ அது விரிவுரையின் நிழலாகவே உள்ளது. செய்முறைக் கைந்நூல் தொடக்கத்திலேயே எதிர்பார்க்கும் பெறுபேற்றைத் தெரிவித்துவிடுகின்றது. நொதியத் தாக்கத்தின் வீதத்தை அளந்து வரைபு வரைந்து மைக்கேலிசு மாறிலியைக் கணிக்கும் மாணவருக்கு, விடை முன்னரே தெரியும். அளவீடு அதனோடு ஒத்துவராதபோது அவர்கள் காரணத்தைத் தேடுவதில்லை, அளவீட்டைத் திருத்துகின்றனர். மூத்த மாணவரின் அறிக்கைகள் கைமாறி வருகின்றன. பிழையான அளவீட்டுக்கு நேர்மையான விளக்கம் எழுதியவரிலும், திருத்திய அளவீட்டை அழகாக எழுதியவர் கூடிய புள்ளி பெறும் நிலை எங்குள்ளதோ, அங்கே செய்முறை வகுப்பு விஞ்ஞான நேர்மைக்கு எதிரான பயிற்சியாகின்றது.

உபகரணங்கள் இல்லை, இரசாயனப் பொருள்கள் இல்லை என்பது இதற்குக் கூறப்படும் வழக்கமான விடை. வறுமை உண்மையானதே. போரும் பொருளாதார நெருக்கடியும் எமது ஆய்வுகூடங்களைப் பாதித்தமையை நாம் மறக்கவில்லை. எனினும் கிரெப்சு பயன்படுத்தியவை அரைத்த தசையும் வாயு அமுக்கத்தை அளக்கும் ஒரு கண்ணாடிக் கருவியுமே. எமது நாட்டிலும், பேராதனையிலே சுல்தான்பாவாவும் அவர்தம் மாணவரும் இலங்கைக் காடுகளின் தாவரங்களிலிருந்து சந்தோன் வகைச் சேர்வைகளைப் பிரித்தெடுத்து உலகறிந்த பணியாற்றினர். சூழலிலே உள்ளதை வினாவாக மாற்றும் பயிற்சியே அவர்களுடைய முதலாய் அமைந்தது.

கருவிகள் பெருகப் பெருக இப்பயிற்சியின் தேவை குறைவதில்லை, கூடுகின்றது. 2024ஆம் ஆண்டுக்கான இரசாயன நோபல் பரிசின் ஒரு பாதி, புரதத்தின் அமைப்பைக் கணினியால் எதிர்வுகூறியமைக்காக ஹசாபிசுக்கும் ஜம்பருக்கும் வழங்கப்பட்டது; மறுபாதி, புதிய புரதங்களைக் கணினியால் வடிவமைத்தமைக்காகப் பேக்கருக்குக் கிடைத்தது. விடையைத் தேடித்தரும் பணியைப் பொறி ஏற்கும் காலத்தில், விடைகளை மனனஞ் செய்தவருக்கு என்ன பணி எஞ்சும்? எவ்விடையை நம்பலாம், எவ்வினா கேட்கத்தக்கது என மதிப்பிடும் பணியே எஞ்சும். அதனையே எமது பாடநெறிகள் பயிற்றுவதில்லை.

6

மொழிப் பிரச்சினையை இவற்றிலிருந்து பிரித்து நோக்குதல் இயலாது. எமது மாணவருள் மிகப் பெரும்பாலோர் க.பொ.த. உயர்தரம் வரை இரசாயனத்தைத் தமிழிலே கற்றவர்கள். ஒட்சியேற்றமும் தாழ்த்தலும், சமநிலையும் செறிவும் அவர்களுக்கு வெறுஞ் சொற்களல்ல, சிந்திக்கும் கருவிகள். விஞ்ஞான பீடத்திலே அவர்கள் ஆங்கிலத்துக்கு மாறுகின்றனர். விரிவுரையை எழுதிக்கொள்ள அவர்களால் இயலும். காலப்போக்கில் விளங்கிக்கொள்ளவும் இயலும். ஆனால் குறுக்கிட்டு வினவுவதற்கும் மறுத்து வாதிடுவதற்கும் வேண்டிய மொழிவன்மை இறுதியிலேயே வாய்க்கின்றது, சிலருக்கு வாய்ப்பதேயில்லை. விடையை மட்டும் வேண்டும் பாடநெறிக்கு இது இடையூறன்று. மௌனமான மாணவரும் விடை எழுதுவர். இவ்வாறு மொழித் தடையும் மனனக் கல்வியும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. நகரத்துப் பெரும் பாடசாலைகளில் ஆங்கிலச் சூழலிலே வளர்ந்த சிலர் பேச, கிராமத்திலிருந்தும் தோட்டப்புறத்திலிருந்தும் வந்தோர் கேட்டிருப்பர். வர்க்க வேறுபாடு விரிவுரை மண்டபத்தினுள்ளே இவ்வாறே மறுபிறப்பெடுக்கின்றது.

உயர் இரசாயனத்தைத் தமிழில் நிகழ்த்துதல் இயலாது என்பார்க்கு வரலாறு விடை கூறும். மானிப்பாயிலே மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்த சாமுவேல் கிறீன் காலத்தில், 1875இலேயே, 'கெமிஸ்தம்' என்ற இரசாயன நூல் தமிழில் வெளிவந்தது. கிறீனின் நோக்கம் மதப்பணியோடு பிணைந்தது என்பதை நாம் அறிவோம். ஆயினும் மக்கள் மொழியிலே கற்றவரே மக்களிடம் செல்வர் என்ற அவரது கணிப்பு இன்றும் பொருந்தும். சுயமொழிக் கல்வி பரவிய காலத்தில் அரசு வெளியிட்ட கலைச்சொற்றொகுதிகளும், 1970களில் வெளிவந்த 'ஊற்று' போன்ற அறிவியல் இதழ்களும் அப்பணியைத் தொடர்ந்தன. இடையிலே தொடர்ச்சி அறுந்தது. பாடசாலைக்கு வேண்டிய சொற்கள் வழக்கில் நிலைத்தன. உயர்நிலை ஆய்வுக்கு வேண்டியவை வழக்கின்றித் தேய்ந்தன. தமிழகத்து நூல்களை அப்படியே கொள்வதும் எளிதன்று. எமது ஒட்சிசன் அங்கே ஆக்சிஜன். எமது நொதியம் அங்கே நொதி. எமது கலம் அங்கே செல்.

ஆங்கிலத்தைக் கைவிடுமாறு நாம் கோரவில்லை. ஆய்வுச் சஞ்சிகைகளை வாசிக்கவும் உலக ஆய்வாளரோடு உரையாடவும் அது இன்றியமையாதது. ஆங்கிலத்தைக் காட்டித் தமிழ் மாணவரின் வாதிடும் உரிமையைப் பறித்தலையே நாம் மறுக்கிறோம். வாசிப்பும் இறுதி அறிக்கையும் ஆங்கிலத்தில் இருக்கலாம். சிறுகுழுக் கலந்துரையாடல் தமிழிலும், சிங்கள மாணவருக்குச் சிங்களத்திலும் நிகழலாம். இதற்குச் சட்டமோ செலவோ வேண்டியதில்லை. ஆசிரியரின் மனம் வேண்டும்.

7

குறைகளை மட்டும் கூறி அமைதல் விமர்சனத்துக்கு அழகன்று. மாற்றுப் பாடநெறி எவ்வாறு அமையலாம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டைத் தருகிறோம்.

1970களின் முற்பகுதியில் அரிசித் தட்டுப்பாடு நிலவியபோது எமது மக்களிற் பலரின் வயிற்றை நிரப்பியது மரவள்ளிக்கிழங்கு. அதனைத் திறந்த பாத்திரத்தில் அவிக்க வேண்டும் என்பதும், இஞ்சியோடு சேர்த்தலாகாது என்பதும் எமது சமையலறைகளிலே வழங்கும் எச்சரிக்கைகள். இவற்றை ஒரு தவணைக்குரிய ஆய்வுப்பொருளாகக் கொள்வோம். கிழங்கிலுள்ள இலினமரின் என்ற சேர்வை சயனைட்டை உள்ளடக்கிய ஒரு குளுக்கோசைட்டு. அதன் அமைப்பும் நீர்ப்பகுப்பும் சேதன இரசாயனத்துக்கு உரியவை. அதனைப் பிரிக்கும் நொதியம் அதே இழையத்தில் வேறிடத்தில் உள்ளது. கிழங்கை வெட்டும்போதும் துருவும்போதுமே இரண்டும் சந்திக்கின்றன. இது நொதியவியலுக்கும் கலவியலுக்கும் உரியது. விடுபடும் ஐதரசன் சயனைட்டு ஏறத்தாழ 26 பாகை செல்சியசில் கொதிப்பது. மூடியைத் திறந்து அவிப்பதன் காரணத்தை இது விளக்கும். ஆனால் கொதிநீர் நொதியத்தையும் அழித்துவிடும். எஞ்சிய இலினமரின் கிழங்கிலேயே தங்கிவிடலாம். துருவி ஊறவைத்தலுக்கும் நேரே அவித்தலுக்கும் இடையிலான வேறுபாட்டை மாணவர் அளந்தே அறியலாம். சயனைட்டு சைற்றோகுரோம் ஒட்சிடேசைத் தடுக்கின்றது. எனவே இழைமணியின் அத்தியாயம் இங்கே உயிர் பெறுகின்றது.

இவ்விடத்தில் ஆய்வு சமூகத்தினுள் நுழைகின்றது. உடல் சயனைட்டைத் தயோசயனேற்றாக மாற்றி வெளியேற்றும். அதற்குக் கந்தகம் வேண்டும். அக்கந்தகம் புரத உணவிலுள்ள அமினோவமிலங்களிலிருந்து கிடைக்கின்றது. ஆகவே ஒரே அளவு சயனைட்டு, மீனும் பருப்பும் உண்பவரிலும் வெறுங்கிழங்கை உண்பவரைக் கூடுதலாகத் தாக்கும். 1981இல் மொசாம்பிக்கில் வரட்சிக் காலத்திலே, போதியளவு பதப்படுத்தாத கசப்பு மரவள்ளியையே நம்பி வாழ்ந்த மக்களிடையே கால்களை முடக்கும் கொன்சோ நோய் பரவியமை இதற்குச் சான்று. நஞ்சின் அளவை இரசாயனம் கூறும். நஞ்சு எவரை வீழ்த்தும் என்பதை வறுமையும் சேர்ந்தே தீர்மானிக்கும்.

இஞ்சி பற்றிய எச்சரிக்கையையோ மாணவரிடம் வினாவாகவே விட்டுவிடலாம். அது உண்மையா? இஞ்சிச் சாறு நீர்ப்பகுப்பின் வீதத்தை மாற்றுகின்றதா? கட்டுப்பாட்டுப் பரிசோதனை எவ்வாறு அமைய வேண்டும்? கைந்நூலில் விடையில்லாத வினாவை முதன்முறையாக எதிர்கொள்ளும் மாணவர், அளவீட்டைத் திருத்த முடியாது. எதனோடு ஒத்துவருமாறு திருத்துவது? மரபு வழக்கைக் கண்மூடி ஏற்பதும் கண்மூடி எள்ளுவதும் ஒன்றே. சோதித்தறிதலே விஞ்ஞான மனப்பாங்கு.

இதிலிருந்து மூன்று கோரிக்கைகளை நாம் முன்வைக்கிறோம். ஒன்று, உயர்நிலைப் பாடநெறி ஒவ்வொன்றிலும் குறைந்தது ஒரு பெருங்கண்டுபிடிப்பாவது அதன் மூலப் பரிசோதனைகளிலிருந்தும் கருத்துப்போரிலிருந்தும் கற்பிக்கப்படுதல் வேண்டும். இரண்டு, பாடப்பிரிவுகளைக் கடந்து எமது சூழலின் ஒரு பிரச்சினையை ஆராயும் செய்முறை, புள்ளிக்குரிய பகுதியாக அமைதல் வேண்டும். மூன்று, அவ்வாய்வின் பெறுபேறுகளைத் தமிழில் எழுதி உரியவர்களுக்கு வழங்குதல் மாணவரின் கடமையாதல் வேண்டும்.

இவற்றுக்குக் காலம் போதாது என்பர். பாடத்திட்டத்தின் அளவு குறையும் என்பர். குறையட்டும். இருபது வளர்சிதைமாற்றப் பாதைகளை எழுதத் தெரிந்தும் அவற்றுள் ஒன்றேனும் எவ்வாறு அறியப்பட்டதெனக் கூறவியலாத பட்டதாரியிலும், பன்னிரண்டை அறிந்து பதின்மூன்றாவதைத் தாமே தேடவல்ல பட்டதாரியே எமக்கு வேண்டியவர். தரம் தாழும் என்ற அச்சமும் ஆதாரமற்றது. உலகின் சிறந்த ஆய்வுகூடங்கள் தேடுவது அத்தகைய பட்டதாரியையே.

இலவசக் கல்வியால், அதாவது கிழங்கு உண்டவரும் தோட்டத்தில் உரமிட்டவரும் செலுத்திய வரியால், எமது விஞ்ஞான பீடங்கள் நிலவுகின்றன. அம்மக்கள் தம் கிணற்று நீரைக் காட்டி, 'இதைப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா?' எனக் கேட்கும்போது, அளந்து பார்த்து, அவர்கள் மொழியிலே, காரணத்தோடு விடை கூறுவோர் எத்தனை பேரை ஆண்டுதோறும் வெளியே அனுப்புகிறோம்? பாடநெறியின் தரத்தை அளக்கும் அளவுகோல் இதுவே. பரீட்சைப் பெறுபேறுகளை அதற்குப் பின்னர் நோக்கலாம்.